ஆளாக்கும் தருணங்கள்: மழலை முதல் பள்ளி முடியும்வரை

"ஆளாவது" என்ற சொல்லைத் தமிழில் இரண்டு விதமாகப் புழங்குகிறோம். பெண் பிள்ளை பூப்படைந்தால் "ஆளாகிவிட்டாள்" என்கிறோம். தகப்பன் இல்லாத பையனைப் படிக்கவைத்து நிலைநிறுத்திய தாய்மாமனைப் பற்றி "அவர்தான் இவனை ஆளாக்கினார்" என்கிறோம். முதலாவதற்குத் தேதி குறித்துவைக்கலாம். இரண்டாவதற்குப் பல வருடம் ஆகும். இந்தக் கட்டுரை இரண்டுக்கும் நடுவே இருப்பதைப் பற்றியது. ஒரு நாள், ஒரு சொல், ஒரு தோல்வி எப்படி ஒரு பிள்ளையின் மனதில் போய் உட்கார்ந்து "நான் இப்படிப்பட்டவன்" என்ற எண்ணமாகிறது? மொரிஷியஸில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறோம். அதனால் எடுத்துக்காட்டுகள் இந்தத் தீவிலிருந்தே வரும்.

பெரிய நிகழ்ச்சி என்றால் பெரிய தழும்பு, சின்ன நிகழ்ச்சி என்றால் ஒன்றுமில்லை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. நிகழ்ச்சி நடந்த அன்றே அதற்குப் பொருள் வந்துவிடுவதில்லை. பிறகு வரும் நாட்களில் வீட்டில் அதை யார் எப்படிப் பேசினார்கள், அல்லது பேசாமல் விட்டார்கள் என்பதில்தான் பொருள் உருவாகிறது. பெற்றோரின் கையில் இருப்பதும் அந்தப் பிறகுதான்.

ஒரே புயல், மூன்று வயது

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயியின் தெருக்களில் வெள்ளம் பாய்ந்து கார்கள் மிதந்தன. அந்த நாளை மூன்று பிள்ளைகளிடம் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வயதுப் பிள்ளை அடுக்கிக்கொண்டே போகும். காற்று அடித்தது, கரண்டு போனது, மெழுகுவர்த்தி ஏற்றினோம், மீன் சாப்பிட்டோம், தங்கச்சி அழுதாள். எல்லாம் இருக்கும், எதுவும் எதோடும் கட்டப்பட்டிருக்காது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதையே வரிசைப்படுத்தி, காரணமும் சேர்த்துச் சொல்லும்: அப்பா வேலைக்குப் போயிருந்தார், தண்ணீர் ஏறியதால் வரமுடியவில்லை, அதனால் அம்மா பயந்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளை இன்னும் ஒரு படி தாண்டும். "அன்றைக்கு அம்மா பயந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். அதிலிருந்து வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நினைக்க ஆரம்பித்தேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் நிகழ்ச்சி ஒரு ஆளாக மாறிவிட்டது. ஜெர்மானிய உளவியலாளர் டில்மன் ஹாபர்மாஸ், சூசன் பிளக் என்பவரோடு சேர்ந்து 2000-இல் எழுதிய ஆய்வுரையில் இதைத்தான் விளக்கினார். தன் வாழ்க்கையை ஒரே கதையாகக் கோக்கும் திறன் பிறவியிலேயே வருவதல்ல, வளரிளம் பருவத்தில்தான் முளைக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்குள் "இதனால்தான் நான் இப்படி ஆனேன்" என்று சொல்லும் பழக்கம் பிள்ளைக்குள் வேகமாக வளர்கிறது.

எட்டு வயதில் நடந்த ஒன்றுக்குப் பதினான்கு வயதில் பொருள் வருவது இதனால்தான். "அது நடந்து ஆறு வருடம் ஆச்சே, இப்போது ஏன் கேட்கிறாய்?" என்று பெற்றோர் எரிச்சல்படும் இடம் இது. பிள்ளை பழைய கணக்கைக் கிளறவில்லை. கதை கோக்கும் கருவி அதன் கைக்கு இப்போதுதான் வந்திருக்கிறது, பழைய மணிகளை எடுத்துக் கோத்துப் பார்க்கிறது. அந்த நேரத்தில் கிடைக்கும் பதில் பலநாள் கூட வரும்.

நினைவு எங்கே தொடங்குகிறது

பெரியவர்களிடம் முதல் நினைவு எந்த வயதில் என்று கேட்டால் சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்தவை பெரும்பாலும் மறைந்துபோகின்றன. இந்தச் சராசரி எல்லா மக்களிடமும் ஒன்றாக இல்லை. நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில் மாவோரி மக்களின் முதல் நினைவு சுமார் இரண்டே முக்கால் வயதுக்குப் போனது. கடந்த காலத்தை வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி வளர்ப்பது அவர்கள் வழக்கம். பேசப்பட்ட நினைவு தங்குகிறது என்று ஆய்வாளர்கள் காரணம் காட்டுகிறார்கள்.

எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. கடற்கரைக்குப் போய்வந்த இரவு, "கடல் நல்லா இருந்ததா?" என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும், பேச்சு முடிந்துவிடும். "தண்ணீருக்குள் இறங்கும்போது உன் காலில் என்ன பட்டது?" என்று கேளுங்கள். பிள்ளை "கல்லு" என்றால் அதை எடுத்து நீட்டுங்கள்: "ஆமாம், கூரான பவளக்கல். நீ என் கையைப் பிடித்தாய். அப்புறம்?" ஆம், இல்லை என்று முடியாத கேள்வி. பிள்ளை சொன்னதைத் திருத்தாமல் ஒரு விவரம் கூட்டுவது. அது எப்படி இருந்தது என்று உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. இந்த மூன்றும் போதும். இரவுச் சாப்பாட்டின்போது ஐந்து நிமிடம், வாரத்தில் மூன்று நான்கு நாள். எந்த மொழியில் பேசுவது என்று தயங்கவேண்டாம். இங்கே பெரும்பாலான வீடுகளில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான் வாய்க்கு வரும், அதிலேயே பேசுங்கள். பிள்ளை தமிழில் ஒரு சொல் சொன்னால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நீங்களும் ஒரு தடவை சொல்லுங்கள்.

இதில் அடிக்கடி நேரும் தவறு, பேச்சைப் பரீட்சையாக்குவது. "என்ன நிறம்? எத்தனை படகு?" என்று கேட்டால் பிள்ளை விடைதாளை நிரப்பும், நினைவை அல்ல.

ஐந்து வயது: பெயரும் மொழியும்

இங்கே முதலாம் வகுப்பில் சேர்ந்ததும் பிள்ளைக்கு ஒரு விருப்ப மொழி தேர்வு செய்யப்படும். தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, மாண்டரின், அரபு; 2012 முதல் கிரியோலும். கையெழுத்துப் போடுபவர்கள் பெற்றோர்கள். ஆனால் அதை வாழ்வது பிள்ளை. மொழி வகுப்புக்கு மணியடித்ததும் காலையிலிருந்து ஒன்றாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பிரிந்து வேறு வேறு அறைக்குப் போவார்கள். "நான் ஏன் இந்த அறைக்கு, அவள் ஏன் அந்த அறைக்கு?" என்ற கேள்வி ஐந்து வயதுப் பிள்ளைக்கு நிச்சயம் எழும். வீட்டில் யாரும் பதில் சொல்லாவிட்டால் பிள்ளை தானே ஒரு பதில் உண்டாக்கிக்கொள்ளும். அது பெரும்பாலும் "அவர்கள் வேறு, நாம் வேறு" என்பதாக முடிகிறது.

பதில் எளிதானது. "உன் பூட்டனாரின் அம்மா பேசியது தமிழ். அது மறந்துபோகக் கூடாது என்று நீ படிக்கிறாய். அவள் பாட்டி பேசியது வேறு, அவள் அதைப் படிக்கிறாள்." நம் ரூபாய்த் தாளை எடுத்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தோடு தமிழ் எழுத்தும் இந்தி எழுத்தும் அதில் இருக்கின்றன. தன் வகுப்பில் எழுதும் எழுத்து கடைக்காரர் கையிலிருக்கும் பணத்திலும் இருப்பதை ஐந்து வயதுப் பிள்ளை கண்டுபிடிப்பது நல்லதொரு தருணம். காசு செலவில்லை.

இதோடு பெயரும் வருகிறது. இங்குள்ள தமிழ்ப் பெயர்கள் பலவும் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ப எழுதப்பட்டவை. சுப்பிரமணியன் "சூப்ரமானியென்" ஆனார், வீரப்பன் "வீராப்பென்" ஆனார். ஆசிரியர் கூப்பிடும் பெயரும் பாட்டி கூப்பிடும் பெயரும் வேறாக இருந்தால் பிள்ளை குழம்பும், சில சமயம் வெட்கப்படும். பெயரைத் தமிழில் எழுதி, எழுத்தெழுத்தாகப் படித்து, பொருள் சொல்லி, சுவரில் ஒட்டிவையுங்கள். அடையாள நெருக்கடி என்ற கருத்தை உலகுக்குச் சொன்ன எரிக் எரிக்சன் 1902-இல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று அறியாமல் மாற்றாந்தகப்பனின் பெயரில் வளர்ந்து, 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தாமே வைத்துக்கொண்டார். பதின்பருவத்தின் முதன்மை வேலையே "நான் யார்" என்பதற்கு விடை தேடுவதுதான் என்று அவர் வாதிட்டதற்குப் பின்னால் அந்த வாழ்க்கையும் இருக்கிறது.

பதினொரு வயது: முடிவு வரும் நாள்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும். இந்தத் தீவில் ஒரு தலைமுறையே இந்த நாளின் தழும்போடு நடமாடுகிறது.

2016 வரை ஆறாம் வகுப்பு முடிவில் சி.பி.இ. என்று ஒரு தேர்வு இருந்தது. அதில் கிடைத்த மதிப்பைப் பொறுத்தே நல்ல கொலேஜ், அதாவது உயர்நிலைப் பள்ளி, கிடைக்கும் என்ற நிலை. 2017-இல் ஒன்பதாண்டுக் கல்வித் திட்டம் வந்ததும் அந்தத் தேர்வு பி.எஸ்.ஏ.சி. ஆனது. ஆங்கிலம், பிரெஞ்சு, கணிதம், அறிவியல், வரலாறும் புவியியலும், விருப்ப மொழி. அறிவியலும் வரலாறு-புவியியலும் ஐந்தாம் வகுப்பில் பாதி, ஆறாம் வகுப்பில் பாதி எனப் பிரித்து எழுதப்படுகின்றன. ஆறாம் வகுப்பு முடிந்து ஏழாம் வகுப்புக்கு இடம் ஒதுக்கும்போது மதிப்பெண்ணோடு பெற்றோர் கொடுத்த விருப்பப் பட்டியலையும் வீட்டிலிருந்து பள்ளி இருக்கும் தூரத்தையும் பார்க்கிறார்கள்.

அந்தத் தூரக் கணக்கைப் பிள்ளையிடம் தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பதினொரு வயது மனம் எல்லாவற்றையும் நேர்க்கோட்டில் பார்க்கும். கேட்ட கொலேஜ் கிடைக்கவில்லை என்றால் "நான் போதாது" என்றுதான் அதற்குப் படும். வீடு எங்கே இருக்கிறது என்பதும் ஒரு காரணம் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த நேர்க்கோடு கொஞ்சம் வளையும்.

முடிவு வரும் அன்று செய்யவேண்டியது சில. முதலில் பிள்ளை பார்க்கட்டும், பிறகு நீங்கள் பாருங்கள், அதன் பிறகே அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் போன். வரிசை மாறினால் அது தன் முடிவல்ல, குடும்பத்தின் முடிவு என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும். அன்று மாலைவரை எந்தப் பிள்ளையின் மதிப்பையும் பேச்சில் எடுக்காதீர்கள், குறிப்பாக ஒரே வயதுள்ள பெரியம்மா மகனுடையதை. வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் சாப்பாடு போடுங்கள். நல்ல முடிவென்றால் பாயசம், இல்லையென்றால் வெறும் ரசம் என்று வைத்தால் பிள்ளை அந்தச் சாப்பாட்டை வாழ்நாள் முழுக்க மறக்காது.

நல்ல முடிவு வந்தாலும் கவனம் வேண்டும். 1998-இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் செய்த சோதனை பெயர்பெற்றது. எல்லாருக்கும் எளிய புதிர்கள் கொடுத்து, ஒரு குழுவை "நீ புத்திசாலி" என்றும் இன்னொரு குழுவை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அடுத்து எளியதையே கேட்டார்கள், எடுத்த மதிப்பெண்ணைப் பிறரிடம் கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். பாராட்டுச் சொல்லை மாற்றினால் பிள்ளையின் வாழ்க்கையே மாறிவிடும் என்று இதைப் பிடித்துக்கொண்டு சொல்பவர்களை நம்பவேண்டாம். பின்னால் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்த விளைவு சிறியதாகவே இருந்தது. ஆனாலும் "பின்னக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாயே, அது வேலை செய்திருக்கிறது" என்பது "எங்கள் வீட்டு மூளை" என்பதைவிட நல்ல வாக்கியம். அது பிள்ளைக்கு அடுத்த தடவையும் செய்யக்கூடிய ஒன்றைக் காட்டுகிறது.

கெட்ட முடிவு வந்தால் பெற்றோர் செய்யும் பெரிய தவறு திட்டுவது என்று நினைப்போம். திட்டுவதைவிட அதிகமாக வேர்விடுவது மௌனம். பிள்ளை நோகக் கூடாது என்று நல்லெண்ணத்தில் யாரும் வாயைத் திறக்காமல் இருப்பார்கள். பேசப்படாத ஒன்று பேசமுடியாத அளவுக்குக் கேவலமானது என்று பிள்ளை முடிவுகட்டும். அதனால் இரண்டு தடவை பேசுங்கள். முதல் தடவை அன்றே, சுருக்கமாக: "வருத்தமாக இருக்கிறது, எனக்கும்தான். நாளை சேர்ந்து பார்ப்போம்." இரண்டாம் தடவை பத்துப் பதினைந்து நாள் கழித்து, கண்ணீர் அடங்கிய பிறகு: எந்தப் பாடம், எந்தப் பகுதி, அந்தப் பகுதி எப்போது கைவிட்டுப் போனது, லெசோனுக்கு (தனிப் பயிற்சி வகுப்புக்கு) போன நேரத்தில் தூக்கம் எவ்வளவு குறைந்தது. காரணம் தெரிந்த தோல்வி ஒரு நிகழ்ச்சியாக நிற்கும். காரணம் தெரியாத தோல்வி குணமாகிவிடும்.

உங்கள் சி.பி.இ. பயத்தையும் கொஞ்சம் எடை போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் தேர்வு எழுதுவது பிள்ளை, நடுங்குவது முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பதினொரு வயது.

உடம்பு மாறும்போது

பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குகிறது. மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். ஆகவே எச்சரிக்கை இல்லாமல் வருவதில்லை, தாய்க்குத் தயாராக இரண்டு வருடம் இருக்கிறது. ஒன்பது வயதிலேயே பேசிவிடுங்கள். பள்ளிப் பையில் ஒரு சின்னத் துணிப்பை: இரண்டு மாதவிடாய்ப் பட்டை (பேட்), ஒரு உள்ளாடை, ஒரு நெகிழி உறை. முதல் இரண்டு வருடம் சுழற்சி 21 நாளுக்கும் 45 நாளுக்கும் இடையில் ஏறி இறங்கும், அது இயல்பு. ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு பட்டை நனைந்தாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும்.

சடங்கு வைப்பதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு வையுங்கள். உறவுக்காரர்கள் சூழ்ந்து மஞ்சள் நீராட்டுவது ஒரு பெண்ணுக்குக் கொண்டாட்டமாகவும் இன்னொரு பெண்ணுக்கு வகுப்பில் தலைகாட்ட முடியாத வெட்கமாகவும் ஆகலாம். சடங்கின் அளவைவிட அவளிடம் கேட்டார்களா என்பதே பின்னாளில் அவள் சொல்லும் கதையைத் தீர்மானிக்கிறது.

பையன்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. குரல் உடையும், தூக்கத்தில் விந்து வெளியாகும், இரண்டும் நோயல்ல என்று பன்னிரண்டு வயதுக்குள் அப்பாவோ மாமாவோ ஒரு தடவை தனியே உட்கார்ந்து சொன்னால் போதும். பத்து நிமிடப் பேச்சு. அதைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்தைப் போனில் வரும் காணொளிகள் எடுத்துக்கொள்ளும்.

முதல் காவடி

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. பத்து நாள் விரதம், மரக்கறிச் சாப்பாடு, பிறகு பூவும் இலையும் கட்டிய காவடி, "சம்போ" என்று இங்கே சொல்லும் செம்பில் பால், வெறுங்காலோடு ஊர்வலம். காத்ர் போர்ன் நகரில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் படியேறிப் போவோரைப் பார்த்தால், முகத்தில் மீசை அரும்பாத பையன்களும் இருப்பார்கள்.

உளவியல் கண்ணால் பார்த்தால் முதல் காவடிக்கு ஆளாக்கும் வலு எங்கிருந்து வருகிறது? சுமை நிஜமானது, தோளில் கனக்கிறது. முடிவு வெட்டவெளிச்சமானது, ஒன்று மேலே போய்ச்சேருவான், இல்லையென்றால் வழியில் இறக்குவான். சுற்றிலும் அவனைத் தெரிந்தவர்கள் நடக்கிறார்கள். ஆனால் இவை எல்லாம் ஒரே நிபந்தனையில் நிற்கின்றன: எடுப்பதாகத் தீர்மானித்தது அவனாக இருக்கவேண்டும். அம்மா வேண்டிக்கொண்டாள் என்பதற்காகப் பதினைந்து வயதுப் பையன் அலகு குத்திக்கொண்டால் அவன் உள்ளே எழுதிக்கொள்வது வேறு கதை.

சிக்கல் ஒன்று உண்டு. மேலே போகும்வரை பால் திரியாமல் இருந்தால் விரதம் சுத்தம் என்பது நம் நம்பிக்கை. ஜனவரி, பிப்ரவரி வெயிலில் மணிக்கணக்காகத் தோளில் போகும் பால் சில சமயம் திரிந்துவிடுகிறது. அந்த நொடியில் பையனின் முகத்தைப் பாருங்கள். பத்து நாளில் தான் என்ன தப்புச் செய்தோம் என்று தேடுவான், ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பான், அதை யாரிடமும் சொல்லமாட்டான். அங்கே ஒரு பெரியவர் பேசவேண்டும். பாலில் இருக்கும் நுண்ணுயிர் வெப்பத்தில் பெருகிப் புளிப்பை உண்டாக்குகிறது, அதனால் பால் திரிகிறது. நீ நடந்த நடை அப்படியே இருக்கிறது, முருகன் அதைப் பார்த்தான். இவ்வளவுதான். முன்கூட்டியே செம்பைக் கொதிநீரில் கழுவி உலர்த்தி, பாலைப் பொங்கக் காய்ச்சி, முழுக்க ஆறவைத்து ஊற்றினால் திரியும் வாய்ப்புக் குறையும். ஆஸ்துமா, நீரிழிவு உள்ள பிள்ளை என்றால் விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பதைத் தடுக்காதீர்கள்.

பதினான்கு முதல் பதினெட்டு: யாருடைய தேர்வு?

ஒன்பதாம் வகுப்பு முடிவில் என்.சி.இ., பதினொன்றாம் வகுப்பில் எஸ்.சி., பதின்மூன்றாம் வகுப்பில் எச்.எஸ்.சி. கடைசி இரண்டும் கேம்பிரிட்ஜ் தேர்வுகள். எச்.எஸ்.சி.யில் மேலே வருபவர்கள் "லொரேயா", அரசு செலவில் படிக்கப் போகிறவர்கள். முடிவு வந்த அன்று தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். எல்லாக் கண்ணும் அங்கே இருக்கும். உண்மையான திருப்பம் அதற்கு நான்கு வருடம் முன்பே, பத்தாம் வகுப்புப் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் எரிக்சனின் கருத்தை எடுத்து 1966-இல் ஒரு பகுப்பு வகுத்தார். இரண்டே கேள்வி: பிள்ளை தேடிப் பார்த்ததா? ஒன்றில் உறுதியாக நின்றதா? தேடவும் இல்லை, நிற்கவும் இல்லை என்றால் மிதக்கும் நிலை. தேடாமலே நின்றுவிட்டால் முன்கூட்டியே பூட்டிய நிலை, "அப்பா டாக்டர் என்றார், நான் அறிவியல் எடுத்தேன்." தேடிக்கொண்டே இருக்கிறது, இன்னும் நிற்கவில்லை என்றால் தேடல் நிலை. தேடி, பிறகு நின்றால் அடைந்த நிலை.

நம் குடும்பங்களில் பூட்டிய நிலைக்குத்தான் நல்ல பெயர். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை, கவலையில்லை என்பார்கள். அந்தப் பூட்டு பெரும்பாலும் எஸ்.சி. முடிவு வரும்போதோ, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடத்திலோ உடைகிறது. அங்கே வீடு பக்கத்தில் இல்லை. தேடல் நிலையோ வீட்டுக்குத் தலைவலி. போன மாதம் சட்டம், இந்த மாதம் சமையல், அடுத்த மாதம் மீன்வளம். ஆனால் தேடுவதற்கான வயதே அதுதான்.

ஆகவே பாடம் தேர்ந்தெடுக்கும் வருடத்தின் இரண்டாம் பருவத்திலேயே தொடங்குங்கள். பிள்ளை மூன்று தொழிலைச் சொல்லட்டும், ஒன்றையாவது உங்களுக்குப் பிடிக்காததாகச் சொல்லட்டும். ஒவ்வொன்றிலும் வேலை செய்யும் ஒருவரை ஒரு மணி நேரம் சந்திக்கட்டும். கேள்வி பிள்ளையுடையது: காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், வேலையில் எது சலிப்பு, திரும்பப் படித்தால் எதைப் படிப்பீர்கள். அதன் பிறகு எந்தப் பாடம் எந்தக் கதவை மூடும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணிதத்தின் உயர்நிலைப் பாடத்தை விட்டால் பொறியியல் கடினம் என்பதுபோல. தமிழை எஸ்.சி. வரை கொண்டுபோவதா என்ற கேள்வியையும் அந்தத் தாளில் சேருங்கள். மதிப்பெண் கணக்கு மட்டும் பார்த்துக் கைவிட்ட பிள்ளைகள் பிற்பாடு ஆசைப்பட்டுத் திரும்பி வரும்போது எழுத்துக் கூட்டுவதிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

நட்பைப் பற்றி ஒன்று. நெருங்கிய தோழியோடு மணிக்கணக்காகப் பேசுவது நல்லதே. ஆனால் ஒரே புண்ணைத் தினமும் இருவரும் சேர்ந்து சொறிந்துகொண்டிருந்தால், நட்பு இறுகும், மனச்சோர்வும் ஏறும். அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002-இல் இதை எடுத்துக்காட்டினார். அந்த நேரத்தில் "பேசாதே" என்பதைவிட, இருவரையும் நீந்தவோ கோயில் கோலத்துக்கோ அனுப்புவது பயன்படும். தூக்கத்தையும் பாருங்கள். பதின்வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் சுரப்பு இரவில் தாமதமாகிறது. தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம். பாதித் தூக்கத்தில் எடுத்த முடிவுகளைப் பிள்ளையின் குணமென்று எண்ணிவிடக் கூடாது.

மனதில் கனக்கும் ஒன்றைப் பேசமுடியாத பிள்ளைக்கு எழுத்து உதவும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் தொடங்கிய முறை: அடுத்தடுத்து மூன்று, நான்கு நாள், தினமும் 15 முதல் 20 நிமிடம், எழுத்துப்பிழை பார்க்காமல் எழுதுவது. எழுதியதைக் கிழித்துப்போடலாம். பெற்றோர் படிக்கக் கூடாது. ஒரு தடவை படித்துவிட்டால் அந்த வழி அடைந்துபோகும். துக்கம் நடந்த மறுநாளே எழுதச் சொல்லவும் வேண்டாம். எந்த நேரமும் சோகம், பிடித்தவற்றில் ஆர்வமின்மை, சாப்பாடும் தூக்கமும் குலைவது இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தாலோ, சாவைப் பற்றிப் பேச்சு வந்தாலோ எழுத்தும் பேச்சும் போதாது. அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது, அன்றே அழைத்துப் போங்கள்.

பாட்டனின் பதினைந்து வயது

முதியவர்களிடம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் பத்து வயது முதல் முப்பது வயதுவரை நடந்தவையே அதிகம் வரும். உளவியலில் இதை நினைவின் மேடு என்பார்கள். முதல் தடவை நடந்தவை பெரும்பாலும் அங்கே இருப்பதும், "நான் யார்" என்ற கதை அப்போது கோக்கப்படுவதும் சொல்லப்படும் காரணங்கள்.

இந்தத் தீவில் 1975-இல் பதினைந்து வயதாக இருந்தவரைக் கேளுங்கள். அந்தப் பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல். அதே வருடம் மே 20 அன்று கல்வி முறையில் மாற்றம் கேட்டு மாணவர்கள் திரண்டு போர்ட் லூயியை நோக்கி நடந்தார்கள், கிராந்த் ரிவியேர் பாலத்தில் போலீஸ் தடுத்தது. 1977-இல் உயர்நிலைப் பள்ளிக் கல்வி இலவசமானது. காசில்லாமல் படிப்பை நிறுத்திய அக்காவுக்கும் இலவசமாகப் படித்த தம்பிக்கும் ஒரே வீட்டில் இரண்டு வாழ்க்கை அமைந்தது அந்த வருடங்களில்தான். பல தாத்தாக்களும் பாட்டிகளும் இதைப் பேரப்பிள்ளையிடம் சொன்னதே இல்லை, யாரும் கேட்காததால்.

கேட்பதில் பலன் உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ராபின் ஃபைவுஷும் மார்ஷல் டியூக்கும் பிள்ளைகளுக்கு இருபது கேள்வி வைத்தார்கள். அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, பாட்டி எங்கே வளர்ந்தார் தெரியுமா என்ற வகைக் கேள்விகள். அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும் அதிகமாக இருந்தது. விடைகளை மனப்பாடம் செய்தால் அது வராது. அந்த விடைகள் தெரியவரும் அளவுக்கு வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது என்பதே அதன் பொருள் என்று அவர்களே விளக்கினார்கள்.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையோடு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பதிவேடுகள் அங்கேதான் காக்கப்படுகின்றன. போகும் முன் தந்தை வழியிலும் தாய் வழியிலும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைப் பின்னோக்கிச் சேர்த்துக்கொண்டே போங்கள். பழைய சான்றிதழ்களில் வந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் எழுதியிருந்தால் தேடல் எளிது. எண் இல்லையென்றால் பெயரை எழுத்துக்கூட்டும் விதங்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. குடும்பம் அதற்கும் முன்னால், பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞராக வந்தது என்றால் அந்தப் பதிவேட்டில் இருக்காது, அதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கிடைத்தால் கப்பல், வந்த தேதி, ஊர், உயரம், உடம்பில் இருந்த அடையாளம் வரை இருக்கும். பிற்காலப் பதிவுகளில் சிலருக்குப் படமும் உண்டு. வயதும் இருக்கும். பலருடைய வயது இருபதை ஒட்டியே இருக்கும். அந்த வரியைப் பிள்ளையே வாய்விட்டுப் படிக்கட்டும்.